ஆக்கர் கடை (பழைய சாமான் கடை) இரும்பில் ஒரு பலகை மில்: செயின்சாவால் தடி அறுக்கத் தொடங்குபவர்களுக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் அருமனை, குலசேகரம், மேல்புறம் பக்கத்து விளைகளில் (தோட்டங்களில்) ஒரு பலாவோ அயினியோ விழுந்தால், தடியை ரோட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் முதல் தலைவலி. லாரி விளைக்குள் வராது. எட்டடி நீளம், 48 அங்குலச் சுற்றளவு உள்ள ஒரு தடி மரக்கடைக் கணக்கில் 8 கன அடி. சுற்றளவில் கால்பங்கு 12 அங்குலம், அதாவது ஓரடி. ஓரடிக்கு ஓரடி, நீளம் எட்டடி. அவ்வளவுதான் அந்தக் கணக்கு. பச்சைப் பலாவாக இருந்தால் அந்தத் தடி 250 கிலோவை ஒட்டி வரும். சரிவில் அதை உருட்டிக் கொண்டுபோக நாலைந்து ஆள் வேண்டும், கயிறு வேண்டும், கொஞ்சம் துணிச்சலும் வேண்டும். விழுந்த இடத்திலேயே ஒன்றரை அங்குலப் பலகையாக அறுத்துவிட்டால் ஒவ்வொன்றும் முப்பது கிலோ அளவில் நிற்கும். ஒரு ஆள் தோளில் வைத்துக்கொண்டு ஏறிவிடுவார்.

செயின்சா மில்லுக்கு உள்ள பெரிய லாபம் இதுதான். வேகத்தில் அது மரமில்லின் பட்டை வாளுக்கு (பேண்ட்சா) பக்கத்தில்கூட வராது. மரச் சேதாரமும் கூடுதல். ரோட்டோரம் கிடக்கும் தடிக்கு இதைச் செய்ய மெனக்கெட வேண்டாம். வண்டியில் ஏற்றி மில்லுக்கு அனுப்புவதே மலிவு.

மில் என்றால் என்ன?

செயின்சாவைக் கையில் பிடித்து எட்டடி நீளத்துக்கு நேராக இழுக்க யாராலும் ஆகாது. பாரை, அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டை, ஒரு சமதளத்திலிருந்து எப்போதும் ஒரே தூரத்தில் பிடித்து வைக்க ஒரு இரும்புச் சட்டம் தேவை. அந்தச் சட்டத்துக்குத்தான் மில் என்று பெயர். என்ஜின் இல்லை, மோட்டார் இல்லை. செயின்சாவே அதன் என்ஜின்.

இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் சட்டம் தடியின் மேலேயே உட்கார்ந்து வழுக்கிக்கொண்டு போகும். பார் சட்டத்துக்குக் கீழே தொங்கும். முதல் வெட்டுக்கு மட்டும் தடியின் மேல் ஒரு ஏணியோ நேரான பலகையோ வைத்து அதன்மேல் ஓட்ட வேண்டும். இரண்டாவது வெட்டிலிருந்து, அறுத்த முகமே பாதையாகிவிடும். இரண்டாம் வகையில் தரையில் இரண்டு தண்டவாளம், அதன்மேல் சக்கரம் வைத்த வண்டி, வண்டியில் செயின்சா. தடி நடுவில் அசையாமல் கிடக்கும்.

உயரம் வைக்கும் கணக்கு இரண்டிலும் வேறு. புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. முதல் வகையில் சட்டத்தின் அடிப்பக்கத்துக்கும் செயின் பல்லின் மேல்நுனிக்கும் உள்ள இடைவெளியே பலகையின் கனம். 38 மில்லிமீட்டர், அதாவது ஒன்றரை அங்குலப் பலகை வேண்டுமென்றால் 38 மில்லி வைத்தால் போதும். தண்டவாள வகையில் வண்டியை ஒவ்வொரு தடவையும் பலகையின் கனமும் செயின் தின்னும் கனமும் சேர்த்து இறக்க வேண்டும். சாதாரண 3/8 செயின் (பிட்ச் அளவு, அங்குலத்தில்) ஏறக்குறைய 9 மில்லி மரத்தைத் தூளாக்கும். ஆகவே 38 மில்லி பலகைக்கு 47 மில்லி இறக்க வேண்டும். இதை மறந்தால் பலகை எல்லாம் 29 மில்லியாக வரும், ஆசாரி திட்டுவார்.

முதலில் செய்பவர்களுக்குச் சட்ட வகைதான் சரி. இரும்பு குறைவு, எடை குறைவு, ஒரே ஆள் விளைக்குள் தூக்கிக்கொண்டு போகலாம். தண்டவாள வகைக்கு ஆசைப்படுபவர்கள், கவிழ்த்துப் போட்ட ஆங்கிளை (எல் வடிவ இரும்பை) தண்டவாளமாக வைத்து, தள்ளு கேட்டுக்குப் போடும் பள்ளச் சக்கரத்தை அதன்மேல் ஓட்டலாம். மரத்தூள் ஆங்கிளின் முதுகில் தங்காமல் இரண்டு பக்கமும் சரிந்துவிடும். அதற்குச் சமமான தரை வேண்டும். நம் பக்கத்து விளைகளில் அப்படி ஒரு இடம் கிடைப்பதே அபூர்வம் என்பதால் இனி சொல்வதெல்லாம் சட்ட வகைக்கே.

எந்த செயின்சா?

குறுக்காக வெட்டும்போது பல் நாரை அறுக்கிறது. பலகை அறுக்கும்போது ஒவ்வொரு பல்லும் நாரின் தலையைச் சீவிக்கொண்டே தடி நீளத்துக்கும் போக வேண்டும். என்ஜினுக்கு இதைவிடக் கடினமான வேலை கிடையாது. ஒரு கிளையை வெட்டப் பத்து விநாடி முழு வேகம் போதும்; எட்டடித் தடியில் பல நிமிடம் விடாமல் முழு வேகத்தில் ஓட வேண்டும். 45 சிசி மெஷின் ஓடும், ஆனால் சூட்டில் சீக்கிரம் போய்விடும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 58 சிசி மெஷினில் ஓரடி அகலத்துக்குள் உள்ள மெத்தென்ற மரங்களை நிதானமாக அறுக்கலாம். பலா, அயினி, மாமரம் என்று இறங்குபவர்களுக்கு 70 சிசிக்குக் குறையாமல் இருப்பது நல்லது. ஸ்டில் எம்எஸ் 382 போன்ற 72 சிசி மெஷின்கள் அந்த வரிசையில் வரும்.

பாரின் நீளத்தை அப்படியே அறுக்கும் அகலம் என்று நம்ப வேண்டாம். இரண்டு முனையிலும் பிடிக்கு இடம் போய்விடும். 24 அங்குல பாரில் 19, மிஞ்சினால் 20 அங்குலம் கிடைக்கும். மெஷினின் முகத்தில் உள்ள பல் தகட்டைக் கழற்றிவிட்டால் இன்னொரு அங்குலம் லாபம்.

எதைப் பழையதில் எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது

அசையாத பாகம் எல்லாம் பழையதில் எடுக்கலாம். பிடிப்பதும் சுழல்வதும் புதியதாக இருக்க வேண்டும். ஆக்கர் கடையில் நின்றுகொண்டு யோசிப்பதற்கு இந்த ஒரு கோடு போதும்.

பழைய இரும்புக் கட்டிலின் 40 மில்லி ஆங்கிள், உடைந்த ஜன்னல் கிரில்லின் சதுரக் குழாய், கடை ஷட்டரின் பக்கவாட்டுச் சானல், அலுமினிய ஏணி, பிவிசி கதவின் ஓரச்சட்டம் எல்லாம் உதவும். வாங்கும் முன் ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பாருங்கள். இரண்டு மில்லி வளைவுகூடத் தெரிந்துவிடும். வளைந்ததைச் சுத்தியலால் நிமிர்த்தி எடுப்போம் என்று கொண்டுவருவது வீண் வேலை.

துத்தநாகம் பூசிய (ஜிஐ) குழாயைப் பூச்சோடு வெல்டிங் வைக்கக் கூடாது. அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் இரவில் காய்ச்சலும் உடம்புவலியும் வரும். வெல்டிங் வைக்கும் இடத்தில் இரண்டு அங்குலத்துக்குப் பூச்சைக் கிரைண்டரால் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

உயரம் ஏற்றி இறக்கும் திரெட் ராடு, நட்டு, செயின், பெட்ரோல் குழாய் இவை நான்கும் புதிதாக வாங்க வேண்டியவை. துருப்பிடித்த நட்டு அதிர்வில் எப்போது கழன்றது என்றே தெரியாது. அது கழன்றால் பார் ஒரு பக்கம் இறங்கும். அந்தப் பலகை விறகுக்குப் போகும். செயின் பிய்ந்து தெறித்தால் போவது விறகு இல்லை.

சட்டம் செய்வது

24 அங்குல பாருக்கு ஒரு கணக்கு. 25 மில்லி சதுரக் குழாயில் 24 அங்குல நீளத்தில் இரண்டு துண்டு, 8 அங்குல நீளத்தில் இரண்டு துண்டு. சின்னக் கட்டில் மாதிரி நாலு மூலையும் மட்டமாக வெல்டிங் வைக்க வேண்டும். குறுக்கு மூலைகளை டேப்பால் அளந்து பாருங்கள்; இரண்டு அளவும் ஒத்து வந்தால் மூலை மட்டம் சரி. நடுவில் இரண்டு இடத்தில் குறுக்குத் துண்டு கொடுத்தால் முறுக்காது. முழு வெல்டிங்கையும் ஒரே மூச்சில் வைத்தால் சூட்டில் சட்டம் வளைந்துவிடும். முதலில் நாலு மூலையிலும் பொட்டு வைத்து, அளந்து, பிறகு எதிரெதிர் மூலையாக முடிப்பது முறை.

சட்டத்தின் அடிப்பக்கம் மரத்தின்மேல் வழுக்க வேண்டியது. வெல்டிங் மேடு ஒன்றுகூட அங்கே இருக்கக் கூடாது. கிரைண்டரால் மழித்துவிட்டு, சமையலறையில் போட்டுவிட்ட வெள்ளை பிளாஸ்டிக் வெட்டுப்பலகையைக் கீற்றாக அறுத்து அடியில் ஸ்க்ரூ வைத்து ஒட்டினால் பச்சை மரத்தில் நன்றாக நகரும். ஸ்க்ரூத் தலை பிளாஸ்டிக்குக்குள் முழுக அமிழ்ந்திருக்க வேண்டும்.

அடுத்தது பாரைப் பிடிக்கும் பிடி. மில் கெடுவதில் பாதி இங்கேதான். சட்டத்தின் இரண்டு முனையிலும் எம் 16 திரெட் ராடு இரண்டிரண்டு, ஒவ்வொன்றும் ஓரடி நீளம், கீழ்நோக்கித் தொங்கும். ஒரு முனையில் உள்ள இரண்டு ராடுக்கும் நடுவில் 130 மில்லி இடைவெளி வையுங்கள். பாரின் அகலம் 65 மில்லி, செயின் இரண்டு விளிம்பிலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதற்கும் ராடுக்கும் இடையில் விரல்கனம் இடம் வேண்டும் என்பதால் இந்த அளவு. ராடின் அடியில் 50 க்கு 8 மில்லி இரும்புப் பட்டையில் 170 மில்லி நீளத் துண்டு இரண்டு. ஒன்று பாருக்கு மேலே, ஒன்று கீழே. நட்டை முறுக்க, இரண்டும் பாரைக் கவ்விக்கொள்ளும்.

பட்டை நேராக பாரின்மேல் உட்கார்ந்தால் செயினை உரசும். அதனால் ஒவ்வொரு பட்டையின் நடுவிலும் 6 மில்லி கனத்தில் 40 மில்லி அகலத் துண்டு ஒன்றை வெல்டிங் வைத்து, அந்தத் துண்டு மட்டும் பாரைத் தொடும்படி செய்ய வேண்டும். துண்டின் அகலம் பாரின் அகலத்தைவிட 25 மில்லி குறைவாக இருக்கட்டும். பாரின் விளிம்பில் செயினின் அடிப்பல் ஓடும் காடி இருக்கிறது. அந்த இடத்தை அழுத்தினால் காடி குறுகி, செயின் இறுகி, பார் நீலம் பாய்ந்துவிடும். அதேபோல் பாரின் மூக்கில் உள்ள சக்கரத்தின்மேல் பிடி உட்காரக் கூடாது. மூக்கிலிருந்து மூன்று அங்குலம் உள்ளே தள்ளிப் பிடியுங்கள். பாரில் ஓட்டை போடும் யோசனையும் வேண்டாம், வெல்டிங் வைக்கும் யோசனையும் வேண்டாம்; சூடு ஏறினால் அதன் பதம் போய்விடும்.

எம் 16 ராடில் ஒரு சுற்றுக்கு 2 மில்லி ஏறும், இறங்கும். 38 மில்லிக்கும் 50 மில்லிக்கும் இடையில் மாற்ற ஆறு சுற்று. நாலு ராடையும் ஒரே எண்ணிக்கையில் சுற்றுங்கள். அதோடு நில்லாமல் இரண்டு முனையிலும் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்துவிட்டு, சட்டத்துக்கு மேலும் கீழும் உள்ள நட்டுகளை எதிரெதிராக இறுக்கிப் பூட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கு முன்னும் ஸ்பேனரை ஒரு தடவை போட்டுப் பார்ப்பது பழக்கமாக வேண்டும்.

ஆக்சிலேட்டரைக் கம்பியால் கட்டிவைத்து அறுப்பவர்களைப் பார்க்கலாம். வழுக்கி விழுந்தால் மெஷின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை அவர்கள் நினைப்பதில்லை. பழைய சைக்கிளின் பிரேக் பிடியும் கேபிளும் இதற்கு அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தும். பிடியைச் சட்டத்தின் கைப்பிடியில் பூட்டி, கேபிளின் மறுமுனையை ஆக்சிலேட்டரில் மாட்டினால் நின்ற வாக்கில் தள்ளலாம். கையை விட்டதும் மெஷின் அடங்கிவிடும்.

மூக்குப் பக்கத்தில் எண்ணெய் பற்றாது. மெஷினின் பம்ப் ஊற்றும் எண்ணெய் பெரிய பாரின் மறுமுனைக்குப் போகும் முன் மரத்தூள் குடித்துவிடும். அரை லிட்டர் பாட்டில் ஒன்றைச் சட்டத்தில் கட்டி, மருந்துக் கடையில் கிடைக்கும் சலைன் குழாயை அதில் மாட்டி, உருளைப் பூட்டால் சொட்டை அளவாக்கி மூக்கருகில் செயினின்மேல் விழச் செய்யலாம். சொட்டு விழும் குப்பியில் வடிகட்டி இருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு வெறும் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டி எண்ணெய் வடிகட்டியில் இறங்காது. வொர்க் ஷாப்பில் சும்மா கிடைக்கிறதே என்று கறுத்த பழைய என்ஜின் ஆயிலை ஊற்றுவது பரவலான வழக்கம். அதில் உள்ள இரும்புப் பொடி பம்பைத் தின்னும், பலகையில் கறை போகாது, முகத்தில் தெறிக்கும்.

செயின் தீட்டும் கோணம்

கடையில் வாங்கும் செயின் மரத்தைக் குறுக்கே வெட்டுவதற்கானது. அதன் பல்லின் மேல்விளிம்பு 30 பாகைச் சாய்வில் தீட்டியிருக்கும். அதை வைத்தும் பலகை அறுபடும். ஆனால் முகம் வரிவரியாக வரும், பார் இழுத்துக்கொண்டு போகும். பலகைக்கு 10 பாகை போதும். புதிய செயினைத் தீட்டத் தீட்ட ஒவ்வொரு தடவையும் கோணத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டே வந்தால் மூன்று நான்கு தீட்டலில் 10 பாகைக்கு வந்துவிடும். ஒரே தடவையில் கொண்டுவந்தால் பல்லில் பாதி அரத்தோடு போய்விடும்.

3/8 செயினுக்கு 5.2 மில்லி உருண்டை அரம், .325 செயினுக்கு 4.8 மில்லி. பல்லுக்கு முன்னால் நிற்கும் குட்டி முனை பல்லின் உயரத்தைவிட 0.65 மில்லி தாழ்ந்திருக்க வேண்டும். அது உயர்ந்து நின்றால் பல் மரத்தைத் தொடவே தொடாது, எவ்வளவு தள்ளினாலும் புகைதான் வரும். மிகவும் தாழ்த்திவிட்டால் மெஷின் குதிக்கும், திணறும்.

பலகை ஓரிடத்தில் கனமாகவும் ஓரிடத்தில் மெலிந்தும் வந்தால் பத்துக்கு எட்டு தடவை குற்றம் செயினில்தான் இருக்கும். இடப்பக்கப் பல்லும் வலப்பக்கப் பல்லும் ஒரே நீளமாக இல்லாவிட்டால் பார் நீளமான பல்லின் பக்கம் ஏறும் அல்லது இறங்கும். வலக்கைக்காரர்கள் ஒரு பக்கத்தை அழுத்தித் தீட்டுவார்கள், மறுபக்கத்தைத் தடவிவிடுவார்கள். ஆகவே மிகவும் குட்டையான பல்லைக் கண்டுபிடித்து, மற்ற எல்லாவற்றையும் அதன் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இதற்கு வெர்னியர் இருந்தால் நல்லது; இல்லையென்றால் ஒரு நட்டு, போல்ட்டை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

எட்டடியில் ஒன்றிரண்டு வெட்டுக்கு ஒரு தடவை தீட்டத்தான் வேண்டும். குறுக்கே வெட்டும்போது சீவல் வரவில்லை, தூள் வருகிறது என்றால் செயின் மழுங்கிவிட்டது என்று சொல்வார்கள். பலகை அறுப்பில் அந்த அடையாளம் செல்லாது. நல்ல செயினிலும் தூள்தான் வரும். ரவைப் பதத்தில் வந்தால் சரி, மாவாக வந்தால் மெஷினை நிறுத்துங்கள்.

முதல் வெட்டு

தடியைத் தரையில் போட்டு அறுக்காதீர்கள். அரையடி உயரத்தில் இரண்டு மரத்துண்டின் மேல் ஏற்றி, உருளாமல் இரண்டு பக்கமும் ஆப்பு வைத்து அடித்துவிடுங்கள். சரிவான இடமாக இருந்தால் அதையும் பயன்படுத்திக்கொள்ளலாம்: தடியின் ஒரு முனை கொஞ்சம் மேலேயும் மறுமுனை கீழேயும் இருக்க, மேலிருந்து கீழாக அறுத்தால் மில் தன் எடையிலேயே நகரும், தள்ளும் கை வலிக்காது.

பட்டையை, குறைந்தது செயின் போகும் வரிசையிலாவது, செதுக்கி எடுங்கள். மண்ணும் கல்லும் ஒட்டியிருப்பது பட்டையில்தான். பிறகு இரண்டு முனை முகத்திலும் ஒரு துண்டு பிளைவுட்டை ஸ்க்ரூ வைத்து நிறுத்தி, இரண்டின் மேல்விளிம்பையும் ரசமட்டம் வைத்து ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்த இரண்டின்மேல் ஏணியை வைத்து ஸ்க்ரூவால் இறுக்குங்கள். ஏணி தடியைவிட ஒவ்வொரு முனையிலும் ஓரடி கூடுதலாக இருக்கட்டும். அந்த ஓரடிதான் மில் மரத்துக்குள் நுழையும் முன்னும் வெளியேறிய பின்னும் தலைகுப்புறச் சாயாமல் தாங்கும்.

இவ்வளவு நீள ஏணி நடுவில் தொய்யும். நூலை இரண்டு முனைக்கும் இழுத்துக் கட்டி, நடுவில் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்து, அடியில் ஆப்பு கொடுத்துத் தூக்குங்கள். இதைச் சோம்பல் பார்த்து விட்டுவிடுகிறவர்கள் நிறைய. ஏணியில் உள்ள 5 மில்லி தொய்வு முதல் முகத்தில் அப்படியே பதியும். அந்த முகத்தின்மேல் ஓடும் மில் அதே தொய்வை அடுத்த பலகைக்குக் கொடுக்கும். கடைசிப் பலகை வரைக்கும் அது போகும். முறுக்கும் அப்படியே. முதல் வெட்டுக்கு ஒரு மணி நேரம் போனாலும் நஷ்டமில்லை.

ஏணியைப் பிடித்த ஸ்க்ரூ மரத்துக்குள் 40 மில்லி இறங்கியிருந்தால் செயின் அதற்கும் கீழே, 60 அல்லது 70 மில்லி ஆழத்தில் போகும்படி உயரம் வையுங்கள். ஸ்க்ரூவில் செயின் பட்டால் அன்றைய வேலை அத்துடன் முடிந்தது.

அறுக்கத் தொடங்கிய பின்

வெட்டு தொடங்கும் முன் டேங்க் நிறைந்திருக்க வேண்டும். பாதியில் பெட்ரோல் தீரும்போது மெஷின் திடீரென்று உச்ச ஓசையில் கதறும். எண்ணெய்க் கலவை பற்றாமல் பிஸ்டன் சூடேறும் அறிகுறி அது. நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயிலை 50க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி என்று கலக்கலாம். ஆயிலின் தரத்தில் சந்தேகம் இருந்தால் 25க்கு 1, லிட்டருக்கு 40 மில்லி. கார்புரேட்டரின் உயர்வேக ஸ்க்ரூவை மரம் வெட்டும் நிலையிலிருந்து சற்றே திறந்து வைத்தால் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகப் போய் என்ஜின் குளிர்ச்சியாக ஓடும். ஒவ்வொரு வெட்டும் முடிந்தபின் உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணையுங்கள். ஏர் ஃபில்டரை ஒவ்வொரு டேங்குக்கும் தட்டிச் சுத்தம் செய்யாவிட்டால் பச்சைமரத் தூள் அடைத்துவிடும். மெஷின் பக்கவாட்டில் படுத்தே ஓடுவதால் டேங்க் மூடியின் வாஷர் தேய்ந்திருந்தால் பெட்ரோல் கசியும்; சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் அது விளையாட்டுக் காரியம் இல்லை.

ஓரடி, ஒன்றரை அடி உள்ளே போனதும் வெட்டின் பின்பக்கத்தில் மர ஆப்பு செருகுங்கள். இரண்டடிக்கு ஒன்று வீதம். ஆப்பு இல்லாவிட்டால் மேல்பலகை இறங்கி பாரைக் கவ்விக்கொள்ளும். இரும்பு ஆப்பு கூடாது.

சைலன்சர் புகை முகத்துக்கு நேரே வரும். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கம் நில்லுங்கள். ஷெட்டுக்குள் வைத்து அறுக்காதீர்கள். காதடைப்பு, கண்ணாடி, தொடையைக் காக்கும் உடுப்பு, பூட்ஸ் இவை இல்லாமல் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்குவது நம் ஊர் வீரம். செயினுக்கு அது புரியாது. செயின் ஓடும் நேர்க்கோட்டில் வேறு யாரும் நிற்க வேண்டாம். அறுந்த செயின் அந்த வழியில்தான் பறக்கும். மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பக்கத்தில் ஒரு தகட்டை வளைத்துச் சட்டத்தில் மூடியாக வைத்துவிடுங்கள்.

ஒரு தடியில் எத்தனை பலகை

சிறிய முனையில் 15 அங்குல விட்டம் உள்ள தடியில் மேலும் கீழும் இரண்டிரண்டு அங்குலம் முதுகுப்பலகையாகப் போனால் 11 அங்குலம், அதாவது 279 மில்லி மிச்சம். அதை 38 மில்லி பலகையாக அறுத்தால் ஆறு பலகை வரும். 228 மில்லி மரம் கையில். 25 மில்லியாக அறுத்தால் எட்டு பலகை வரும். எண்ணிக்கை கூடியது போலத் தோன்றினாலும் கையில் நிற்பது 200 மில்லி மட்டுமே, மற்றது தூளாகத் தரையில். மெல்லிய பலகை தேவையென்றால் இங்கே கனமாக அறுத்து, காய்ந்தபின் மரமில்லில் கொடுத்துப் பட்டை வாளில் இரண்டாகப் பிளந்துகொள்ளுங்கள்.

மரத்துக்கு மரம்

ரப்பர் மறுநடவுக்கு வெட்டும்போதும், 2017 நவம்பர் 30 அன்று வந்த ஒக்கி போன்ற புயலில் சாயும்போதும் தடி மலிவாகக் கிடைக்கும். பால்வெட்டுப் பட்டை இருக்கும் அடிப்பகுதியில் சிரட்டை மாட்டிய கம்பி, பால் வழியும் தகடு, மழைக்காப்புக்கு அடித்த ஸ்டேப்பிள் பின் எல்லாம் மரம் வளர வளர உள்ளே புதைந்திருக்கும். அந்த ஐந்தடியைத் தனியாக வெட்டி விறகுக்குத் தள்ளுங்கள். வீட்டு முற்றத்துப் பலாவிலும் மாவிலும் துணிக்கொடி கட்டிய ஆணி இருக்கும். வெட்டிய முனையில் கறுநீலக் கறை கண்டால் உள்ளே எங்கோ இரும்பு இருக்கிறது என்று பொருள். சக்கைப்பால் (பலாப்பால்) செயினில் ஒட்டி இறுகும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கலாம், மெஷின் ஆறிய பிறகு. தென்னையின் வெளிவைரம் செயினைச் சீக்கிரம் மழுக்கும். உள்சோறு பலகைக்கு ஆகாது. கழுக்கோல், பட்டியல் என்ற கூரைச் சட்டங்களுக்கு வெளிவளையத்தை மட்டும் எடுக்க வேண்டும்.

ரப்பர்ப் பலகையை அறுத்த அன்றே, மிஞ்சினால் மறுநாளே மருந்தில் போட வேண்டும். இல்லாவிட்டால் நீலப்பூஞ்சையும் துளைவண்டும் வந்துவிடும். 10 லிட்டர் வெந்நீரில் 600 கிராம் போராக்ஸ், 400 கிராம் போரிக் ஆசிட் கரைத்து, பலகையை முக்கி எடுத்து, ஈரம் போகாமல் தார்ப்பாயால் மூடி இரண்டு வாரம் வைத்தால் மருந்து உள்ளே இறங்கும். தண்ணீர் பட்டால் மருந்து கரைந்து வெளியேறிவிடும் என்பதால் அந்தப் பலகை வீட்டுக்குள் உபயோகத்துக்கு மட்டும்.

அனுமதி

சந்தனம், ஈட்டி, தேக்கு என்றால் வெட்டும் முன்பே வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஈட்டிக்கென்று தமிழ்நாட்டில் 1994-இல் தனிச்சட்டமே வந்தது. நீலகிரியின் கூடலூர்ப் பகுதிக் காடு அழிவதை எதிர்த்து நிலம்பூர் கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்சநீதிமன்றம் போன வழக்குக்குப் பிறகு, மரமில் உரிமத்தில் நாடு முழுக்கக் கெடுபிடி. சொந்த விளையில், சொந்தத் தடியை, சொந்த உபயோகத்துக்கு அறுப்பது ஒன்று. ஊரார் தடியைக் கூலிக்கு அறுப்பது வேறு. இரண்டாவதற்கு இறங்கும் முன் சரக அலுவலகத்தில் விசாரியுங்கள். களியக்காவிளை எல்லை தாண்டிக் கேரளாவுக்குப் பலகை கொண்டுபோகவும் மரத்தின் வகையைப் பொறுத்து வனத்துறையின் பாஸ் வேண்டியிருக்கும்.

உலர்த்துவது

நம் பக்கம் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு. டிசம்பர் கடைசியில் அறுத்து அடுக்கினால் மே வரைக்கும் காய்வதற்கு நேரம் கிடைக்கும். பலகையின் இரண்டு தலையிலும் அறுத்த அன்றே பழைய பெயிண்டைப் பூசுங்கள். பூசாவிட்டால் தலைவெடிப்பு அரையடி உள்ளே ஓடும். நிழலில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், ஒவ்வொரு பலகைக்கும் இடையில் 20 மில்லி சதுரக் குச்சியை ஒன்றரை அடிக்கு ஒன்றாக வைத்து அடுக்க வேண்டும். மேல்குச்சி கீழ்க்குச்சிக்கு நேராக வரவில்லை என்றால் பலகை அந்த இடத்தில் வளையும். குச்சி நன்றாகக் காய்ந்ததாக இருக்கட்டும். பச்சைக் குச்சி வைத்தால் அது உட்கார்ந்த இடத்தில் எல்லாம் கறுப்புக் கோடு விழும். அயினியில் அந்தக் கோடு இழைப்புளிக்கும் போகாது.